மாமன் மடி

மருமகனுக்குக் காது குத்திய அன்று ஜடையன் நல்ல போதையில் இருந்தான். குழந்தை மடியிலிருந்து நழுவப் பார்த்தது. தங்கை சித்தம்மா அவன் கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாளே தவிர, வேறு யாரையும் மடி கொடுக்க விடவில்லை. "எங்கண்ணன் இருக்கறப்ப வேற ஆளு எதுக்கு?" என்றாள்.

இப்போது மூன்று வருஷமாக அவன் குடிப்பதில்லை. மைசூரில் டைல்ஸ் ஒட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை சபையில், இயேசு தன்னைச் சாக்கடையிலிருந்து தூக்கியதாகக் கண்ணீரோடு சாட்சி சொல்வான். அதே சாக்கடையிலிருந்து அதற்கு முன் எத்தனையோ தடவை அவனைத் தூக்கி வந்தவள் சித்தம்மா. அதைச் சொல்ல அவனுக்குத் தோன்றியதில்லை.

இன்று அவளுடைய மகளுக்குக் காதுகுத்து. வீட்டில் மாதேஸ்வரன் படத்துக்கு மாமன் தேங்காய் உடைத்து, குழந்தைக்குத் திருநீறு பூசிய பிறகுதான் மடியில் வைப்பார்கள். ஜடையன் தட்டைப் பார்த்தான். ஒரு சிட்டிகை சாம்பல்தான். கை போகவில்லை.

"இது மட்டும் என்னால ஆகாது, சித்தம்மா. மடி குடுக்கறேன்."

அவள் அவனையே பார்த்தாள். "குடிச்சுட்டு உருண்டப்பக்கூட உன்னை நான் விட்டுக் குடுக்கலியேண்ணா," என்றாள். பிறகு குழந்தையைக் கொண்டுபோய்ப் பெரியப்பா மகன் மடியில் வைத்தாள்.

ஜடையன் வாசலுக்கு வந்து செருப்புகளுக்கு நடுவே நின்றான். ஊசி இறங்கியதும் உள்ளே குழந்தை வீறிட்டது. அவன் கைகள் தன்னாலே ஏந்த நீண்டன. அவற்றில் துளி நடுக்கமில்லை.