பத்து மரத்துப் பழம்

முஸ்தகானம் நகரத்தில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் லக்தர் காப்பிக் கடை வைத்தது 1964 மே மாதம். மூடியது 1995 அக்டோபரில். இந்த முப்பத்தொரு வருஷத்தில் அவர் காப்பியில் கலப்படம் செய்தது ஒரே ஒரு தடவை. சரியாகச் சொன்னால் பதினொரு நாள். சாகும்வரை அவரை அரித்தது அந்தப் பதினொரு நாள்தான்.

கோடையில் அவர் கடைக்குக் கூட்டம் வருவது மஸக்ரானுக்காக. நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரின் பெயரே இந்தக் குளிர்காப்பிக்கும் பெயர். கடுங்காப்பியை வடித்து, சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறவிட வேண்டும். உயரமான கண்ணாடித் தம்ளரில் பனிக்கட்டி போட்டு அதை ஊற்றி, கடைசியில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் கசந்துவிடும். பழம் அந்த மஸக்ரான் ஊர் மிலூத்தின் தோட்டத்துப் பழம். ஒரு கிணறு, பதினான்கு மரம். வருஷம் முழுக்கக் காய்க்கும் ஜாதி. செவ்வாய்தோறும் கழுதைமேல் இரண்டு கூடை வரும்.

1983 கோடையில் காப்பிக்கொட்டைக்குப் பஞ்சம். அரசாங்கக் கடையில் விடியுமுன் வரிசையில் நின்றால் ஆளுக்குக் கால் கிலோ. எதிர்க்கடைக்காரர் கொண்டைக்கடலையைக் கருக வறுத்துப் பொடியில் சேர்த்துவிட்டார். "அங்க போங்கப்பா, காப்பியும் ஆச்சு, கடலையும் ஆச்சு" என்று ஊரெல்லாம் சிரிக்கும்படி கேலி செய்தவர் லக்தர். ஜூலைக் கடைசியில் அவர் டப்பாவும் காலியாகிக்கொண்டு வந்தது. மூன்று பங்கு காப்பிக்கு ஒரு பங்கு கடலை என்று மனைவி கெய்ரா வறுத்துக் கொடுத்தாள். "இது வேணுமாங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். அவர் பொடியை வாங்கி டப்பாவில் கொட்டிக்கொண்டார்.

ஆகஸ்டு 2, செவ்வாய். காலையில் பால் சேர்த்த சூடான காப்பியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மதியம் மஸக்ரானில் மாட்டிக்கொண்டார். எலுமிச்சை விழுந்ததும் தம்ளர் கலங்கியது, அடியில் மாவு மாதிரி வண்டல் தங்கியது. டோமினோ மேசையில் இருந்த பூஅலாம், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர், ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன லக்தரு, கடல்தண்ணியைக் கலக்கிட்டியா?"

மேசையில் இருந்த நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். லக்தரின் நாக்கு அவரை முந்திக்கொண்டது.

"காப்பில குறை இல்ல. பழந்தான் சரியில்ல. மிலூத் கிணத்துல உப்பு இறங்கிருச்சு போல."

"அதான பார்த்தேன். உன் காப்பியைச் சொல்ல முடியுமா?"

அந்தச் சொல்லுக்கு லக்தர் சிரித்துவைத்தார். அன்று சாயங்காலத்திலிருந்து மஸக்ரானில் பழத்தைக் கால்வாசியாகக் குறைத்தார். கடலையை நிறுத்தவில்லை.

நாக்கில் வைத்த மாத்திரத்தில் எந்தத் தோட்டத்துப் பழம் என்று சொல்லக்கூடியவர் என்று லக்தருக்கு ஊரில் பேர். அவர் சொன்னால் அப்பீல் இல்லை. வியாழக்கிழமைச் சந்தையில் மிலூத்தின் கூடையை யாரும் தொடவில்லை.

அடுத்த செவ்வாய், 9ஆம் தேதி, மிலூத் கழுதை இல்லாமல் நடந்தே வந்தார். லக்தரைவிட ஆறு வயது மூத்தவர். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து லக்தர் தட்டைக் கீழே வைத்தார். ஆனால் மிலூத் தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"நீ சொன்னதாச் சொன்னாங்க தம்பி. முதல்ல நம்பல. அப்புறம் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பார்த்தேன். ஆமா, கரிக்குது. இத்தனை நாளா எனக்குத் தெரியல பாரு."

"அண்ணே, அது வந்து..."

"உன்மேல வருத்தம் இல்ல. நீயாவது நேராச் சொன்ன. சனிக்கிழமை மரத்தையெல்லாம் வெட்ட ஆள் சொல்லியிருக்கேன். தக்காளி உப்பைத் தாங்குமாம்."

தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. லக்தர் சொன்ன சொல்தான் மிலூத்தின் நாக்கில் கரித்தது. அதைச் சொல்ல லக்தர் வாய் திறந்தார். பக்கத்து மேசையில் பூஅலாம் காது கொடுத்துக்கொண்டிருந்தார். "ஒரு காப்பி குடிச்சுட்டுப் போங்கண்ணே" என்பதுதான் வந்தது. மிலூத் குடித்தார். கடலைக் காப்பி. "நல்லா இருக்கு" என்றார்.

புதனும் வியாழனும் போயின. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். சலாம் சொல்லிப் பிரிந்தார்கள். வீட்டில் லக்தர் சோற்றைத் தள்ளிவைத்தார்.

"நீங்க போறீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா? கடலையை வறுத்தது இந்தக் கைதானே" என்றாள் கெய்ரா.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லக்தர் தோட்டத்து வேலியை அடைந்தபோது கோடாலிச் சத்தம் கேட்டது. நாலு மரம் சாய்ந்து கிடந்தது. பச்சைக் காய்கள் மண்ணில் உருண்டிருந்தன. ஐந்தாவது மரத்துக்கு ஓங்கிய கையை அவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"கிணத்துல உப்பு இல்லண்ணே. என் காப்பில கடலை. பழம் பட்டதும் காட்டிக் கொடுத்துருச்சு. நான் உங்க மேல போட்டுட்டேன்."

மிலூத் வெட்டுகிறவரைப் பார்த்து, "நிறுத்துப்பா" என்றார். விழுந்த கிளையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார். வெகுநேரம் மென்றார்.

"செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"என்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? அந்த மேசையில போய்ச் சொல்லு."

அன்று மதியமே டோமினோ மேசைக்கு முன்னால் நின்று சொன்னார். "அடப்பாவி" என்றார் பூஅலாம், அவ்வளவுதான். எதிர்க்கடைக்காரர் வாசல்வரை வந்து கைகட்டிக் கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் காப்பி இல்லாத நாளில் லக்தர் கடையைத் திறக்கவில்லை. சந்தைக்குப் பழைய ஆட்கள் மிலூத்தைத் தேடி வந்தார்கள், மரம்தான் திரும்பவில்லை. அந்த நாலு குழியிலும் வைத்த கன்றுகளில் ஒன்றும் பிழைக்கவில்லை.

மிலூத் பழம் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதும் இல்லை. கடை மூடும்வரை, செவ்வாய்தோறும் கூடையை இறக்கிவைத்து ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"பத்து மரத்துப் பழம், தம்பி."

லக்தர் இரு கையாலும் கூடையை வாங்கிக்கொள்வார். முதல் பழத்தை அறுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். "நல்லா இருக்குண்ணே" என்பார், கடை முழுக்கக் கேட்கும்படி.