முதலில் குறை சொல்ல வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். நான் முதலில் பார்த்தது ஒரு சாப்பாட்டு மேஜையையும் அதன் மேல் செய்தித்தாள் சுற்றி நிறுத்தியிருந்த மூன்று பிளாஸ்டிக் பாட்டில்களையும். ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு எண் எழுதியிருந்தது. இரண்டாம் எண் பாட்டிலைச் சுற்றியிருந்தது நான் வேலை பார்த்த பத்திரிகை. முந்தைய வாரத்தின் மழைச் செய்தி தலைகீழாகத் தெரிந்தது.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே, நெடுஞ்சாலையின் இரைச்சல் எட்டாத தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. நான் ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. வேலையில் இருந்த காலம் முழுவதும் ஞாயிறு என்றால் எனக்குத் திங்கட்கிழமைப் பத்திரிகை தயாராகிற நாள். மாலை ஐந்துக்கு ஆபீசுக்குப் போனால் விடியும்போது வீடு. மற்றவர்கள் ஞாயிறு மதியத்தை என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்து, "சும்மா வாரும் ஓய், ஒரு தம்ளர் இஞ்சி பீர் குடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிட்டபோது எழுந்து போனதற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கூப்பிட்டவர் தேன்காரர். ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருப்பவர், என் வயதுதான். வீட்டுக்குச் சொந்தக்காரர் குவைத்தில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் எல்லோருக்கும் அக்கா. மூன்றாமவர் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையிலிருந்து வரும் பிரிட்ஜ் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். மீன்பிடிக்கிற குடும்பத்தில் கடலுக்குப் போகாத ஒரே ஆள். அக்கா வீட்டு பிரிட்ஜைப் பழுது பார்க்க வந்த இடத்தில் உள்ளே வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்து, தன் வீட்டிலும் இதே கதைதான் என்று அவர் சொல்ல, அப்படித் தொடங்கியது இது. மாதம் ஒரு ஞாயிறு, ஆளுக்கு ஒரு பாட்டில்.

பெயரில்தான் பீர். துருவிய இஞ்சியையும் சர்க்கரையையும் தண்ணீரில் போட்டு நாலைந்து நாள் வைத்தால் நுரைத்து வரும். அது உறை. இஞ்சி கொதித்த இனிப்புத் தண்ணீர் ஆறியதும் உறையை ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, பாட்டிலில் அடைக்க வேண்டும். பாட்டிலை அடிக்கடி விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல்லு மாதிரி ஆனால் பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். மறந்தால் சமையலறைக் கூரையைக் கழுவ வேண்டிவரும். போதை ஏறும் அளவுக்கு யாரும் புளிக்க விடுவதில்லை. அக்காவின் சபை போதகர் ஒரு முறை சந்தேகத்தோடு வந்து ஒரு தம்ளர் குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். போகும்போது பெயரை மட்டும் மாற்றக் கூடாதா என்றார்.

செய்தித்தாள் சுற்றுவது எது யாருடையது என்று தெரியாமல் இருக்க. ஊற்றிய உடனே தெரிந்துவிடும். அக்கா கருப்பட்டியில் செய்வார், நிறமே சொல்லும். தேன்காரர் தேன் ஊற்றுவார். மெக்கானிக் வெள்ளைச் சர்க்கரையும், நல்லமிளகு என்று நாங்கள் சொல்கிற குருமிளகும் போடுவார். ஆனாலும் சுற்றினோம்.

அந்த முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்பதற்கு இந்தப் பக்கத்தில் எவரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "கொள்ளாம்."

மெக்கானிக் சிரித்தார். "சாரே, அந்த வார்த்தை இந்த மேஜையில செல்லாது."

விஷயம் இதுதான். அவர்கள் மூன்று பேரும் முதன்முதலில் கூடிய அன்று எல்லா பாட்டிலுக்கும் எல்லோரும் கொள்ளாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்று காடியாகிப் போயிருந்தது. மரியாதைக்காக அதையும் குடித்து முடித்து, மூன்று பேருக்கும் இரவெல்லாம் வயிற்று வலி. அடுத்த மாதம் அக்கா சட்டம் போட்டுவிட்டார். முதலில் ஒரு குறை சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் நல்லது. குறை சொல்லாதவருக்கு அடுத்த தம்ளர் கிடையாது.

நான் தம்ளரை மறுபடி மூக்கருகே கொண்டுபோனேன். பச்சை மண் வாடை லேசாக வந்தது. இஞ்சியைச் சரியாகக் கழுவவில்லை என்றேன். அக்கா தேன்காரரைப் பார்த்தார். "பின்ன, நான் சொன்னது அதாக்கும்" என்றார்.

அடுத்த மாதம் நான் நான்காவது பாட்டிலைக் கொண்டுபோனேன். கேஸ் இல்லை, சப்பென்று போன சர்பத் என்றார்கள். அதற்கடுத்த மாதம் எலுமிச்சை விதை கசக்கிறது என்றார்கள். பத்திரிகை வேலையில் என் பிழைகளைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. கண்டுபிடித்துவிட்டுப் பலாச்சுளையும் வாழைக்காய் வற்றலும் எடுத்து வைத்தவர்கள் கிடையாது. ஒரு வருடம் போவதற்குள், மாதத்தின் மற்ற நாட்களை அந்த ஞாயிற்றிலிருந்து எண்ணிப் பார்க்கிறவனாகிவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு எனக்கென்று இருந்த இடம் அந்த மேஜையில் ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலி ஒன்றுதான்.

இரண்டாம் வருடம் ஜனவரியில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன பிறகு ஒரு காலை காபி வெந்நீராக இருந்தது. தூள் குறைவோ என்று இன்னொரு கரண்டி போட்டேன். பிறகு சோப்பை எடுத்து முகர்ந்தேன். பிறகு வெங்காயத்தை. டாக்டர் சோதித்துவிட்டு, மணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். நாக்கு இனிப்பையும் புளிப்பையும் உப்பையும் சொன்னது. இஞ்சி தொண்டையில் எரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

குறை சொல்கிற மேஜையில் மூக்கு இல்லாதவனுக்கு என்ன வேலை? பிப்ரவரியில் ஒரு தடவை போய், ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிடுவது என்று முடிவு செய்தேன். போனேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று மற்ற இருவரும் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். அக்கா காபிக்குப் பால் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்க்க கேட்டுக்குப் போனார். நான் சமையலறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் ஓடி வந்து என்னைக் கடந்து உள்ளே போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பால் பொங்கி வடிந்து அடுப்பில் கரிந்து, சமையலறை முழுக்கப் புகை. அக்கா அடுப்பை அணைத்தார், ஜன்னலைத் திறந்தார், என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அடுப்பைத் துடைக்கத் தொடங்கினார்.

எப்போதும் இடப்பக்கத்திலிருந்து வரிசையாகக் குறை சொல்லி வருவோம். என் முறை இரண்டாவது. அன்று எல்லோரும் உட்கார்ந்ததும் அக்கா வரிசையை மாற்றினார். "இன்னைக்குத் தம்பி கடைசில சொல்லட்டு. பேப்பர்ல எழுதுன ஆளு, எல்லாத்தையும் சேத்து அழகாச் சொல்லுவாரு."

எனக்கு மூச்சு வந்தது. மற்ற மூவரும் சொன்னதை எடுத்து, கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டிச் சொன்னேன். முப்பது வருடம் செய்த வேலை. மார்ச்சில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் மெக்கானிக் வரத் தாமதமானது. அப்போதும் அவர் வரும் வரை காத்திருந்து, என்னைக் கடைசியாகத்தான் விட்டார்கள். எல்லோரையும் ஏமாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஒன்றாம் எண் பாட்டிலைத் திறந்தார்கள். ஊற்றினார்கள். தேன்காரர் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். அக்கா கீழே வைத்துவிட்டார். மெக்கானிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாட்டிலைப் பார்த்தார். சொல்லத் தயங்குகிறார்கள் என்று எண்ணி, அந்த மௌனத்தை நிரப்ப நான் தம்ளரைக் காலி செய்தேன். கேஸ் நன்றாக இருக்கிறது, குறை என்றால் இனிப்பு கொஞ்சம் கம்மி என்றேன்.

தேன்காரரால் அடக்க முடியவில்லை. "ஓய், அது மீனெண்ணெய்."

மெக்கானிக்கின் அண்ணன் வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற மீனெண்ணெயை வைத்திருந்த பாட்டில். வீட்டில் காலியாகக் கிடந்ததை மெக்கானிக் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி எடுத்திருக்கிறார். பிளாஸ்டிக்கை விட்டு அந்த நாற்றம் போகுமா?

"ஏலே, அடைக்கும்போது உனக்கு நாறலியா?" என்று அக்கா கேட்டார்.

"எங்க ஊருல காத்தே அப்பிடித்தானக்கா மணக்கும். நான் வித்தியாசமா ஒண்ணும் காணல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தம்ளரை மேஜையில் வைத்தேன். எனக்கு மணம் தெரிவதில்லை, ஜனவரியிலிருந்து இல்லை, இனி நான் வருவதில் அர்த்தமில்லை என்று சொல்லி எழுந்தேன். யாரும் ஆச்சரியப்படாததைக் கவனித்தேன்.

"தெரியும் தம்பி" என்றார் அக்கா. "பாலு கரிஞ்ச அன்னைக்கே தெரியும். இவங்க ரெண்டு பேருட்டயும் அன்னைக்கே சொல்லியாச்சு."

"பின்ன என்னிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க வராம இருந்திருவிய. இப்ப எழும்பி நிக்கிய பாத்தியளா? இதுக்குத்தான் கேக்கல. இருங்க."

உட்கார்ந்தேன். கடைசி ஆளாக என்னை வைத்தது, மார்ச்சில் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தது, ஒவ்வொருவரும் வழக்கத்தைவிட விவரமாகக் குறை சொன்னது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் வந்து பொருந்தின. நான் எடுத்து ஒட்டுவதற்காகத்தான் அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு மாதம், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

நன்றி என்று சொன்னேன். அதற்கும் முதலில் ஒரு குறை சொல்லணும் என்றார் தேன்காரர். மூன்று பேரும் நன்றாக நடிக்கிறீர்கள், இனி எதை நம்புவது என்று தெரியவில்லை என்றேன். குறை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அதற்கு மறுவாரம் அக்கா நாலு சின்னக் குப்பிகள் கொடுத்தார். கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சைத் தோல், யூக்கலிப்டஸ் எண்ணெய். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அது எப்படி மணக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் விடக்கூடாது. குவைத்தில் ஒரு டாக்டர் சொல்லக் கேட்டதாம். மெக்கானிக் ஐந்தாவதாக ஒரு குப்பி கொண்டுவந்தார். "இதையும் வச்சுக்கிடுங்க சாரே, இது தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரியாக்கும்." மீனெண்ணெய்.

மேஜையில் எனக்கு வேறு வேலை கொடுத்தார்கள். இனிப்பு, புளிப்பு, காரம், கேஸ். இந்த நாலையும் நான் சொன்ன பிறகே மற்றவர்கள் மணத்தைப் பற்றிப் பேசலாம். என் வரிசை பழையபடி இரண்டாவதாயிற்று; முதல் ஆள் மணத்தைத் தொடாமல் குறை சொல்ல வேண்டும். தேன் மணத்தை வைத்து இந்த ஆளை மயக்க முடியவில்லையே என்று தேன்காரர் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய பாட்டிலில் புளிப்பு எப்போதும் ஒரு பங்கு கூடுதல் என்பதை நான் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. அடுத்த முறை தேனைக் கூட்டினார். அதற்கடுத்த முறை உறையைக் குறைத்தார்.

குப்பிகளை விடவில்லை. மே, ஜூன், ஜூலை. ஒரு நாள் கிராம்பில் நனைந்த சிமெண்ட் வாடை வந்தது. மறுநாள் அதுவும் இல்லை. மாதாமாதம் அந்த ஞாயிறு நான் உள்ளே நுழையும்போது மூன்று பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், அக்கா பாட்டிலைத் திறப்பார். ஆறுதல் என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கும் சேர்த்தே அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிறு காலையிலிருந்தே விடாமல் பெய்தது. மெக்கானிக் மழைக்கோட்டுக்குள் பாட்டிலை அணைத்துக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தார். நான் வழக்கம்போல் தலையை ஆட்டினேன். முதல் பாட்டில் ஊற்றியதும் நிறம் சொல்லிவிட்டது, கருப்பட்டி, அக்காவுடையது. முதலில் குறை சொல்ல வேண்டியவர் தேன்காரர். அவர் கேட்டில் செருப்பை மறந்துவிட்டு வந்து, மழையில் அதை எடுக்கப் போயிருந்தார். என்னைத் தொடங்கச் சொன்னார்கள்.

பழக்கத்தில் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். நிறுத்தினேன். இறக்கி வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

"அக்கா, இதுல கரிஞ்ச வாடை அடிக்கி."

மெக்கானிக் தன் தம்ளரை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பாகு காய்ச்சிய அலுமினியச் சட்டியை எடுத்து வந்து, மேஜையின் நடுவில், பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு நாளாக ஊற வைத்திருந்த தண்ணீரை அதிலிருந்து இன்னும் கொட்டவில்லை.

சட்டியின் அடியில் கருப்பட்டி கருகி ஒட்டியிருந்தது.