மேஜிக்காரரின் முதல் ஐட்டம்

லிஃப்டுக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார். உள்ளங்கை, புறங்கை, மறுபடியும் உள்ளங்கை. காலி. யாருக்குக் காட்டுகிறார் என்றால், லிஃப்டில் பதித்திருக்கும் கண்ணாடிக்கு. ஐந்தாவது மாடியில் ஏறுகிறவர், தரைக்கு வருவதற்குள் அந்தக் காலிக் கையிலிருந்து ஒரு சிவப்புக் கைக்குட்டையை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிடுவார். எடுத்த கையோடு "ம்ஹூம்" என்று தலையாட்டிக்கொள்வார். கைக்குட்டை வந்ததில் ஒரு குறையும் இல்லை. அதை நிகழ்ச்சியின் முதல் ஐட்டமாக வைப்பதா, வேண்டாமா என்பதில்தான் தகராறு.

"சார், இத மொதல்ல பண்ணா எப்படி இருக்கும்?"

நான் நான்காவது மாடி. அவருக்கு நேர் கீழ்வீடு. ஆறு வாரமாக இந்தக் கேள்வியை லிஃப்டிலும் மாடிப்படியிலும் பால் வாங்குகிற இடத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நன்றாக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருக்காது என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் முகம் வாடிப்போகிறார்.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. ரயில் நிலைய மாடிப்படிக்குக் கீழே, நின்றால் தலை இடிக்கிற ஒரு கடையில் சாவி வெட்டுகிறார். நகக்கண்ணில் எப்போதும் பித்தளைத் தூள். சாவியைத் தொலைத்துவிட்டுப் பதறிக்கொண்டு வருகிறவர்களின் காதுக்குப் பின்னாலிருந்து புதுச் சாவியை எடுத்துக் கொடுப்பது அவர் பழக்கம். சிலர் சிரிப்பார்கள். ஒருவர் அடிக்கக் கை ஓங்கினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். தொழிலில் ஆள் புலி. பழைய சாவியை ஒரு பார்வை பார்த்தால் போதும், சுவரில் தொங்கும் இருநூறு வெட்டாத சாவிகளில் எது பொருந்துமோ அதற்கு நேராகக் கை போகும். அப்படிப்பட்ட மனிதர் ஏழு ஐட்டத்தில் ஒன்றைப் பொறுக்க முடியாமல் திண்டாடுகிறார் என்றால் என்ன சொல்வது?

இருபது வருடமாக இந்தத் தொல்லை அவருக்கு இல்லை. ஏனென்றால் இருபது வருடமாக அது இருவர் நிகழ்ச்சி. விடுமுறை நாட்களில் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் அவரும் மனைவியும் சேர்ந்து செய்தார்கள். அவர் மேடைக்கு வந்து இடது கையைத் திரைப் பக்கம் நீட்டுவார். திரை விலகும். மஞ்சள் குடை ஒன்றைச் சுழற்றிக்கொண்டு மனைவி வருவார். கைதட்டல். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த வருட ஆரம்பத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு கண் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. வருகிறவர்களை உட்காரவைத்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, திறக்கச் சொல்லும்வரை மூடியிருக்கச் செய்கிற வேலை. ஒருநாள் சாப்பிடும்போது கணவரிடம் சொல்லிவிட்டார்: "இருபது வருஷமா ரெண்டா அறுபட்டாச்சு, பெட்டிக்குள்ள மடங்கி மடங்கி முட்டி தேஞ்சாச்சு. போதும்ங்க. இனிமே நீங்க பண்ணுங்க, நான் சேர்ல உக்காந்து பாக்கறேன். என்னதான் பண்றீங்கன்னு எனக்கும் ஒரு தடவ தெரிய வேணாமா?"

அவர் உடனே சரி என்றாராம். இருவரும் தனித்தனியாக என்னிடம் இதையேதான் சொன்னார்கள். அதனால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். சரி என்று சொன்ன நிமிடத்திலிருந்துதான் ஆளுக்குத் தூக்கம் போயிற்று.

முதல் தனி நிகழ்ச்சி ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் ஆண்டுவிழா. முன்னூறு பேர். ஏற்பாடு செய்கிற மேலாளர் போனில் சொன்ன வார்த்தையை அவர் என்னிடம் அப்படியே ஒப்பித்தார்: "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல இருபது நிமிஷம் தர்றோம். பாத்தா பாக்கறாங்க, இல்லன்னா சாப்பிடறாங்க." சொல்லிவிட்டு அவர் தானாக ஒன்று சேர்த்துக்கொண்டார். "யாரும் தலையத் தூக்கலைன்னா சார், பெட்டி, மேஜை, சாமான் எல்லாத்தையும் மொதல்ல கேக்கறவங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, சாவி வெட்டிட்டு இருந்துடுவேன்." இதைச் சொல்லும்போது அவர் கையில் மூன்று பந்துகள் விரலிடுக்கில் வந்து வந்து போயின. கவனிக்கவே இல்லை அவர்.

ஆகவே முதல் ஐட்டம். தட்டிலிருந்து முன்னூறு தலைகளையும் தூக்க வேண்டிய ஐட்டம். கைக்குட்டை, காலிக் கையில் தீ, நீளமான கைத்தடி, செய்தித்தாளைக் கிழித்து ஒட்டவைப்பது, காகிதக் கூம்பில் பாலை ஊற்றி மறைப்பது, விரலிடுக்குப் பந்துகள், முட்டை. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் யோசனை கேட்டார். முடிவெட்டுகிறவர், "தீயக் காட்டுங்கண்ணே, ஒருத்தன் திரும்பாம இருக்க மாட்டான்" என்றார். அன்று முழுவதும் ஐந்தாவது மாடியிலிருந்து கருகிய வாடை வந்தது. எங்கள் கட்டடக் காவலாளி, "மொதல்ல சிரிக்க வைங்க சார், மத்தது தானா வரும்" என்றார். அன்று மாலை மேஜிக்காரர் என்னிடம் மூன்று ஜோக் சொல்லிப் பார்த்தார். மூன்றையும் நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன். வெளியூரிலிருக்கும் அவருடைய அக்கா போனில், "நீ மொதல்ல எல்லாருக்கும் வணக்கம் சொல்லுடா. அதச் சொல்லாம என்ன மேஜிக் வேண்டிக்கெடக்கு?" என்றார். மறுநாள் இவர் லிஃப்டில் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். யார் என்ன சொன்னாலும் ஒரு நாளைக்கு அதை முழுசாக நம்புவார். அதற்கு மேல் தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு துண்டுச் சீட்டுகளோடு என் வீட்டுக்கு வந்தார்.

"நீங்க ஒண்ணு எடுங்க சார். எது வருதோ அதான். நான் எடுத்தா சரிப்படாது, என் கை எனக்கே டேக்கா குடுத்துடும்."

விசிறி மாதிரி விரித்துப் பிடித்தார். நியாயமாக இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை இழுத்தேன். பிரித்தேன். முட்டை.

அவர் முகம் விழுந்துவிட்டது. "சார், இது நீங்க எடுத்தது இல்ல. நான் எடுக்க வெச்சது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விளக்கினார். எதிராளியின் விரல் நெருங்குகிற சமயத்தில் ஒரு சீட்டை மட்டும் நூலளவு முன்னால் தள்ள வேண்டுமாம். விரல் அதில்தான் படுமாம். எடுத்தவர் தானாக எடுத்ததாக நினைத்துக்கொள்வாராம். இருபது வருடப் பழக்கம், கை அவரைக் கேட்காமலேயே செய்துவிட்டது.

"அப்படின்னா உங்க மனசுல முட்டைதானே இருக்கு?"

"ஐயோ, இல்ல சார்! முட்டைய வெச்சு யாராவது ஆரம்பிப்பாங்களா? சாப்பாட்டு நேரத்துல முட்டையத் தூக்கிட்டு நின்னா, பரிமாற வந்தவன்னு நெனச்சுத் தட்ட நீட்டுவாங்க."

"பின்ன ஏன் கை அதத் தள்ளுச்சு?"

"அதான் சார் எனக்கும் புரியல."

காசைச் சுண்டிப் பார்க்கலாம் என்றேன். காசும் அவர் சொன்னபடி கேட்குமாம், வேண்டாம் என்றார். கடைசியில் என் மனைவி உள்ளறைக்குள் சீட்டுகளைக் கொண்டுபோய்க் குலுக்கி ஒன்றை எடுத்து வந்தாள். பால். "மேடம் எடுத்தது நியாயமாத்தான் எடுத்திருக்காங்க," என்று நீண்ட நேரம் அந்தச் சீட்டைப் பார்த்தார். "ஆனா மனசு ஒப்பல சார்." அவர் போன பிறகு எனக்கே முட்டை சரியா, பால் சரியா என்று குழப்பமாகிவிட்டது. எனக்கென்ன வந்தது? ஆனாலும் பகல் முழுவதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியவில்லை என்றால் மனிதன் என்ன செய்வான், எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்வான். அவரும் அதைத்தான் செய்தார். தீ, கைத்தடி, முட்டை மூன்றுக்கும் கோட்டில் தனித்தனி ரகசியப் பைகள் தைத்துக்கொண்டார். மேடையில் நின்றபின் முடிவு செய்யலாமாம். கோட்டு பழகட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே பேருந்தில் போனார். டிக்கெட்டைக் காட்டச் சொன்னதும் பையில் கைவிட்டிருக்கிறார். சுருட்டி வைத்திருந்த நான்கடிக் கைத்தடி சடாரென்று நீண்டு முன்சீட்டுக்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு சார்! ஒருத்தர் பாக்கி இல்ல!" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஆறு வாரத்தில் முதல்முறையாக வெளிச்சம். அடுத்த நொடியே அணைந்தது. "ஆனா பஸ்ஸ மேடையில ஏத்த முடியாதே."

மறுநாள் மாடிப்படியில் அந்த அம்மாவைப் பார்த்தபோது, நீங்களாவது ஒன்றைச் சொல்லி இந்த மனிதரைக் காப்பாற்றக்கூடாதா என்று கேட்டேன். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஐட்டத்துல ஒண்ணும் இல்லீங்க. நான் குடையோட வர்றப்ப எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க. அந்த நேரத்துல அவரு வலது கை எதை எடுக்கணுமோ எடுத்துக்கும். மொத நிமிஷம் அவர யாருமே பாத்ததில்ல. இருபது வருஷத்துல ஒரு தடவ கூட. அந்தப் பயம்தான். அத வெளிய சொல்லத் தெரியாம ஐட்டம் ஐட்டம்னு அலையறாரு."

"நீங்க ஒண்ணச் சொன்னா கேப்பாரே?"

"கேப்பாரு. அப்புறம் அதுவும் என் ஐட்டமாயிடும்." பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

அவரை இத்தனை நாள் கேலி செய்தது எனக்கு வருத்தமாக இருந்தது. அடுத்த முறை லிஃப்டில் அவர் கையை விரித்தபோது கண்ணாடியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். உடனே கையை மூடிக்கொண்டார்.

நிகழ்ச்சி அன்று காலை லிஃப்டில் ஏறியதும், "கைத்தடி சார். முடிவு பண்ணிட்டேன்" என்றார். மூன்றாவது மாடி வந்தபோது, "தீன்னா இன்னும் கொஞ்சம்..." என்றார். தரைக்கு வந்தபோது கோட்டின் மூன்று பைகளையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

பெரிய மண்டபம். மேடைக்குப் பக்கமாக மூன்றாவது மேசையில் எனக்கும் அந்த அம்மாவுக்கும் இடம் கிடைத்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கரண்டிச் சத்தமும் பேச்சும். மைக்கில் யாரோ ஏதோ அறிவித்தார்கள், எங்கள் மேசைக்கே கேட்கவில்லை. மேஜிக்காரர் வந்தார். மூன்று ஐட்டத்தின் கனத்தில் கோட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. மேடை நடுவில் நின்றார். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை.

அப்போது அவருடைய இடது கை திரைப் பக்கம் நீண்டது.

வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கை நீண்டது அவருக்கே தெரியாது. இருபது வருடமாக அந்த இடத்தில் நின்றால் நீளுகிற கை, நீண்டுவிட்டது. முன் மேசையில் ஒருவர் நிமிர்ந்து கை காட்டிய பக்கம் பார்த்தார். திரை அசையவில்லை. பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார். அவரும் பார்த்தார். அடுத்த மேசை பார்த்தது. யாரோ வரப்போகிறார்கள், யார் என்று தெரியவில்லை. கரண்டிச் சத்தம் மேசை மேசையாக நின்றது. முன்னூறு பேரும் அசையாத ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அந்த அம்மா பாதி எழுந்து நின்றார். கைப்பை தரையில் விழுந்து கிடந்தது. வலது கை குடைக்காம்பைப் பிடிக்கிற மாதிரி மூடியிருந்தது. பிடித்து உட்காரவைப்பதா, போங்கள் என்று அனுப்புவதா என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

மேடையில் அவர் தன் இடது கையைப் பார்த்துவிட்டார். அதைக் கீழே போடப்போகிறார், அத்துடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். போடவில்லை. மனைவியை அழைக்கிற அதே மரியாதையோடு, அவசரமில்லாமல், அந்தக் கையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து தன்னுடைய வலது கையைக் காட்டினார். முன்னூறு முகங்களும் அதோடு சேர்ந்து திரும்பி அவரிடம் வந்து நின்றன.

வலது கை இடுப்பருகே மூடியிருந்தது. எல்லோரும் திரையைப் பார்த்த நேரத்தில் அது வழக்கம்போல் எதையோ எடுத்துக்கொண்டுவிட்டது. என்ன எடுத்தது என்று அவருக்கே தெரியாது போலிருந்தது. மெதுவாகத் தூக்கி, எங்களுக்கு முன்னால் தானே விரலிடுக்கில் எட்டிப் பார்த்தார்.

"முட்டை," என்றார், ஆச்சரியத்தோடு.

மண்டபம் சிரித்தது. சிரித்து முடித்த பிறகும் ஒருவரும் தட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்து என்ன என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா குனிந்து கைப்பையை எடுத்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகு நன்றாகச் சாய உட்கார்ந்தார்.