மூடி இல்லாத பீப்பாய்

பிரதேச சபைக்காரர்கள் போன வாரம் ஒரு பச்சைப் பீப்பாயைக் கொண்டுவந்து வைத்தார்கள். குசினிக் கழிவைப் போட்டு மூடினால் உரமாகுமாம். எனக்கே பாடமா என்று சிரித்துக்கொண்டேன். நாலாம் நாள் மூடியைத் திறந்ததும் பலாச்சக்கையும் தேயிலைச் சக்கையும் வெந்த அந்தப் புளித்த வாசனை வந்தது. சிரிப்பு போய்விட்டது.

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம். கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உரம் செய்ய இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சோற்றுப் பார்சலும் சான்றிதழும் கிடைத்தன. விவசாய மந்திரி ஆகிவிட்ட நினைப்பு எனக்கு. வந்த கையோடு தம்பியைப் பிடித்து, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் குழி வெட்டச் சொன்னேன்.

"குப்பைக்குப் போயி இவ்வளவு ஆழமாக்கா?"

"பன்னி வந்து கிளறும்டா. மேல தகரத்தப் போட்டு, மண்ணள்ளி நல்லா மூடு."

பயிற்சியில் தகரம் கிடையாது. அது என் சொந்த மூளை.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் ஆமிக்காரர்கள் லயத்தைச் சோதனை போட வந்தார்கள். புது மண், காலால் தட்டினால் தகரச் சத்தம். எதைப் புதைத்தீர்கள் என்று அவர்களில் பெரியவர் சிங்களத்தில் கேட்டார். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அன்று உரம் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. தகரத்தை நெம்பிக் கம்பியால் குத்தினார்கள். குப்பென்று ஆவி கிளம்ப, குத்தியவர் துள்ளிப் பின்னால் போனார். தம்பி சிரித்துவிட்டான். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்றால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள்.

அவனையே தோண்ட வைத்தார்கள். முட்டை ஓடும் வாழைப்பழத் தோலும்தான் வந்தன. பிறகு அடையாள அட்டையைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்திருந்தோம், அதுவரை வந்திருக்கவில்லை. விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று தம்பியை வண்டியில் ஏற்றிப் போனார்கள்.

பதினெட்டாம் நாள் வந்தான். முதல் வேலையாகக் குழியைத் தூர்த்தான். என்னைப் பார்த்துக் குழி வெட்டியிருந்த நாலைந்து வீட்டாரும் தூர்த்தார்கள். கழிவெல்லாம் பையில் கட்டி ஓடைக்குப் போனது. லயத்துக்குப் பின்னால் கொடிவிட்ட பூசணியும் பீர்க்கும் அதோடு சரி.

நேற்றுப் போனில் தம்பியிடம் பீப்பாயைப் பற்றிச் சொன்னேன்.

"மூடி இருக்காக்கா?"

"இருக்கு."

"மூடாதீங்க. உள்ள இருக்குறது வாறவங்க கண்ணுக்குத் தெரியட்டும்."

மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தேன். இன்று காலையிலிருந்து மழை. பீப்பாய் நிறையத் தண்ணீர். உரமாகாது, அழுகத்தான் போகிறது. மூடியை எடுத்து மூடக் கை வரவில்லை.