சொந்த வீடு உள்ளவர் கையெழுத்து

எங்கள் சட்டைக் கம்பெனி அன்செர்மாவில் கதவைச் சாத்தப் போகிறது என்று எங்களுக்குச் சொன்னது ஒரு சின்னப் பெண். கையில் கணினி, வாயில் சிரிப்பு. "யாருக்கும் வேலை போகாது. மனிசாலஸ், பெரெய்ரா, ரெண்டு ஊர்லயும் நமக்கு யூனிட் இருக்கு. எது வேணுமோ நீங்களே எடுத்துக்கலாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள ஊர் பேரை எழுதிக் குடுங்க. கூடவே அந்த ஊர்ல வீடு பிடிச்ச வாடகை ஒப்பந்தமும் வேணும். அது இல்லாதவங்க தானா விலகிட்டதா அர்த்தம்" என்றாள். இரண்டு ஊருமே எங்களுக்கு இரண்டு மணி நேர பஸ்தான். 'எது வேணுமோ' என்று அவள் சொன்ன விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சொல்ல வந்தது ருபியேலா காஸ்தான்யோவைப் பற்றி. என் பெயர் அய்தே. அவள் காலர் தைப்பாள், நான் பக்கத்து மேசையில் செக்கிங். இருபத்தாறு வருஷம் இப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் வைத்த காலரை நான் ஒருமுறைகூடப் பிரிக்கச் சொன்னதில்லை. இதை நட்புக்காகச் சொல்லவில்லை. மற்றவர்கள் தைத்ததைப் பிரிக்கச் சொல்லிச் சொல்லியே எனக்குக் கெட்ட பெயர்.

அப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருஷ வேலை பாக்கி. அந்த வயதில் வேலையை விட்டால் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? ஒன்றரை வருஷம் குறைந்ததற்காக அத்தனை வருஷ உழைப்பும் காற்றில் போய்விடும். அந்த வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்கு ஒரு வீடு கிடைத்தே ஆக வேண்டும்.

மற்ற நாற்பது பேரும் நாள் முழுக்க ஊர்ச் சண்டைதான். "மனிசாலஸ்காரன் குடும்பப் பேரைக் கேட்டுட்டுத்தான் குடிக்கத் தண்ணியே குடுப்பான்" என்பாள் ஒருத்தி. "பெரெய்ராக்காரன் தண்ணியைக் குடுத்துட்டு டம்ளரை உன் தலையிலேயே கட்டிடுவான்" என்பாள் இன்னொருத்தி. மனிசாலஸில் குளிர், தெருவெல்லாம் மேடு, முட்டி தேய்ந்துவிடும். பெரெய்ராவில் வெயில், கூட்டம், சத்தம். ருபியேலாவின் முட்டிக்குப் பெரெய்ராதான் நல்லது. ஆனால் பெரெய்ரா என்ற பெயரையே அவள் வாயால் சொல்லமாட்டாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் ஹில்தார்தோ ஒரு முடிதிருத்தும் பெண்ணோடு போய்க் குடியேறிய ஊர் அது. அந்தப் பெண் பெயர் நெல்சி. பஸ் அந்த ஊர் வழியாகப் போனால்கூட ருபியேலா கண்ணை மூடிக்கொள்வாள். நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

மனிசாலஸில் அவளுடைய தம்பி அர்னோபியோ இருந்தான். அப்பா செத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, அவனுக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடச் சீருடை தைத்து அவனை வளர்த்தாள். மனிசாலஸுக்கு அனுப்பிப் பொறியாளர் ஆக்கினாள். இப்போது அவனுக்கு அங்கே மூன்று மாடி வீடு. கம்பெனி மூடும் செய்தி வந்த அன்றே போன் செய்து விட்டான். "வேற யோசனையே வேண்டாம்க்கா. பெரெய்ரா யாவாரிங்க ஊரு. நம்ம ஆளுங்க இங்கதானே இருக்கோம்?"

அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன?

அந்தச் சனிக்கிழமை காலை இரண்டு பேருமாக மனிசாலஸ் போனோம். எனக்கு என் மருமகன் தயவில் பெரெய்ராவில் ஏற்பாடு ஆகிவிட்டது, அவளுக்குத் துணையாகத்தான் போனேன். ஒரு வாடகை ஏஜென்சியில் சின்ன வீடு ஒன்று காட்டினார்கள். இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் மலை. அவளுக்குப் பிடித்துவிட்டது. உடனே கவுண்டரில் இருந்தவன் கேட்டான்: "ஜாமீன் யாரு? இந்த ஊர்ல சொந்த வீடு இருக்கணும். வில்லங்கம் இல்லாத பத்திரம், முப்பது நாளைக்குள்ள எடுத்த சான்று."

எங்கள் நாட்டில் இதுதான் வழக்கம். இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை, ஒரு நாள் தாமதமில்லாத வாடகை, சம்பளச் சீட்டு, பாதிரியார் கடிதம், எதுவும் செல்லாது. வீடு வைத்திருக்கும் ஒருவன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வீடில்லாதவளுக்கு வீடு. அன்செர்மாவில் எங்களுக்கு இது தெரியாது. அங்கே ருபியேலா வீட்டுச் சொந்தக்காரரிடம் கைகுலுக்கிவிட்டுக் குடிபோனவள்.

"தம்பி இருக்கான்" என்று பெயரைச் சொன்னாள். அந்த ஆள் கணினியில் தட்டிப் பார்த்து முகம் மலர்ந்தான். "அட, பொறியாளர் அர்னோபியோ காஸ்தான்யோவா? அவர் பேப்பர் எல்லாம் எங்ககிட்டயே இருக்கே. போன வருஷம் அவர் ஆபீஸ் டைரக்டரோட மகனுக்கு ஜாமீன் போட்டிருக்கார். அதே வீட்டு மேல இன்னொரு ஜாமீனும் போடலாம். சும்மா வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க, போதும்."

ருபியேலா படி இறங்கும்போது முட்டிவலியே மறந்து போனாள். வழியில் தம்பி வீட்டுக்கு ஒரு கேக் வாங்கினாள்.

மதியச் சாப்பாடு. பீன்ஸ் குழம்பு, பன்றித்தோல் வறுவல், அரேபா என்கிற சோள ரொட்டி. அர்னோபியோ கதீட்ரலின் உயரத்தைப் பற்றியும் மனிசாலஸ்காரர்களின் நாகரிகத்தைப் பற்றியும் பேசினான். ருபியேலா காத்திருந்து, தட்டை எடுக்கும் நேரத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அக்கா, நீ கேட்டு நான் இல்லேன்னு சொல்லுவேனா? ஆனா அப்பா சாகும்போது என்ன சொன்னாரு? யாருக்கும் ஜாமீன் போடாதேன்னு சத்தியம் வாங்கினாரே. நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் போட்டதில்லை. போட மாட்டேன். அப்பாவோட வார்த்தை."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் ருபியேலா என் காலை மிதித்தாள். சாதாரண மிதி இல்லை, தையல் மெஷின் பெடலை மிதிக்கிற மிதி. மூடிக்கொண்டேன்.

அவன் மனைவி பேச்சைத் தொடர்ந்தாள். "ஏன் வாடகை வீடு? மாடியில துணி துவைக்கிற இடத்துக்குப் பின்னால அந்த அறை சும்மாத்தானே கிடக்கு. நம்ம வீட்டுல வேலை செஞ்ச பொண்ணும் நின்னுட்டா. நீங்க வந்து இருந்தா எனக்கும் சமையல்ல ஒரு கை உதவியா இருக்கும்."

"பாத்தியா, உனக்குத் தனிமையும் இருக்காது" என்றான் அவன், பெரிய மனது பண்ணியவன் மாதிரி.

ருபியேலா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "அந்த அறைக்கு ஒப்பந்தம் எழுதிக் குடுப்பியா? கம்பெனி கேக்குது" என்றாள்.

"குடும்பத்துக்குள்ள என்னக்கா ஒப்பந்தம்!" என்று சிரித்தான்.

கேக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் நான் கத்தினேன். "ஏன் என்னை மிதிச்சீங்க? மூஞ்சிக்கு நேரா கேட்டிருப்பேனே! டைரக்டர் மகனுக்கு மட்டும் அப்பா விதிவிலக்கு குடுத்தாரான்னு!"

"அவன் பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரிஞ்சா அதுக்கப்புறம் எனக்குத் தம்பியே இல்லாம போயிடும் அய்தே" என்றாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. யாருடைய சீருடைத் துணியில் வளர்ந்தவன் அவன்!

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவள் தலை நிமிராமல் காலர் வைத்தாள். செவ்வாய்க்கிழமை ஒரு காலர் கோணலாக வந்தது. பிரிக்கச் சொல்லாமல் நானே பிரித்துத் தைத்தேன். எனக்குச் சொந்த வீடு இருந்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். என் மருமகனின் வீட்டை எனக்கே ஜாமீன் வைத்தாகிவிட்டது, அது அடமானத்தில் பாதி, இன்னொன்றைத் தாங்காது என்றார்கள்.

புதன்கிழமை மதியம் கம்பெனி வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், சிவப்புச் சாயம் போட்ட முடி, கக்கத்தில் ஒரு கோப்பு. கட்டிங்கில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அவளுக்குச் சித்தி மகள், அவள் மூலம் செய்தி பெரெய்ரா போயிருக்கிறது. ருபியேலா அவளைப் பார்த்த உடனே திரும்பி உள்ளே நடந்தாள்.

"தோன்யா ருபியேலா, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று தோன்யா போட்டு மரியாதையாகவே கூப்பிட்டாள் நெல்சி. "சண்டைக்கு வரலை. அதுக்கு வந்திருந்தா இன்னும் நல்ல செருப்பாப் போட்டுட்டு வந்திருப்பேன்."

ருபியேலா நின்றாள், திரும்பவில்லை. "உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலை. பெரெய்ராவுல எனக்கு ஒரு வீடு இருக்கு. என் பேர்ல, நான் முடி வெட்டி வாங்கினது. அந்தாளுக்கு அதுல ஒரு செங்கல்கூடக் கிடையாது. வில்லங்கச் சான்று நேத்து எடுத்தேன். நான் கையெழுத்துப் போடறேன்."

"எதுக்கு? பாவம் பாத்தா?"

"பாவமா? நான் வீட்டை வெக்கிறேன், பாவத்தை வெக்கலை." நெல்சி கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பத்தொன்பது வருஷமா என் சாப்பாட்டு மேசையில உக்காந்து அவர் உங்களைப் பத்திப் புலம்பறது ஒரே குறைதான். கடைக்காரன் பாக்கியை ஒரு நாள்கூடத் தள்ள விடமாட்டாளாம், வீட்டு வாடகையை முதல் தேதியே எண்ணி வெச்சிடுவாளாம், இவளோட என்ன பொழைப்புன்னு. ஒரு ஆளுக்கு ஜாமீன் போட எனக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

நான் சிரித்துவிட்டேன். தப்புதான், அடக்க முடியவில்லை. ருபியேலா என்னை முறைத்தாள். பிறகு முதல்முறையாக நெல்சியின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் உன்னை மன்னிக்கலை" என்றாள்.

"ஒப்பந்தத்துல அதுக்கு இடம் இல்லை" என்றாள் நெல்சி. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஏஜென்சி திறக்கும்."

வியாழக்கிழமை பெரெய்ராவுக்குள் பஸ் நுழைந்தபோது ருபியேலா கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். ஏஜென்சியில் வீடு பார்த்து, படிவம் நிரப்பி, நோட்டரியிடம் விரல் ரேகை வைக்கும் வரை அவளும் நெல்சியும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்: "ஜாமீன்தாரர் உங்களுக்கு என்ன உறவு?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எழுதிக்குங்க. என் புருஷனோட பொண்டாட்டி" என்றாள் ருபியேலா.

எழுத்தர் இப்போது நிமிர்ந்தார். "அப்படி ஒரு உறவு படிவத்துல இல்லையே அம்மா."

"அப்ப தெரிஞ்சவங்கன்னு போடுங்க" என்றாள் நெல்சி. "ஒருத்தருக்கொருத்தர் நல்லாவே தெரிஞ்சவங்கதான்." பேனாவை வாங்கி, கடையின் பெயர்ப்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ருபியேலா படிவத்தில் பெரெய்ரா என்று எழுதி, ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். அந்தச் சின்னப் பெண், "நல்ல ஊர் தேர்ந்தெடுத்திருக்கீங்க" என்று அதே சிரிப்பைச் சிரித்தாள். தேர்ந்தெடுத்தாளாம்! முட்டியைக் கேட்டா, மனசைக் கேட்டா, வெயிலா குளிரா என்று கேட்டா அவள் ஊர் எடுத்தாள்? எவர் வீட்டுப் பத்திரம் எந்த ஊரில் இருக்கிறதோ அதுதான் ஏழைக்கு ஊர். இதற்குத் தேர்வு என்று பெயர் வைத்தவன் என் எதிரில் வந்தால் தெரியும்.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது அர்னோபியோ போன் செய்தான். அவள் கையில் மாவு, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். அவன் குரல் அடுப்படி முழுக்கக் கேட்டது.

"என்னக்கா இது, ஊரெல்லாம் பேசறாங்க! அந்தப் பொம்பளை கையெழுத்துல நீ குடியிருக்கியாமே? குடும்ப மானம் என்ன ஆறது? எங்க டைரக்டர் வீட்டுல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? கூடப் பிறந்தவன் நான் இங்க இருக்கேன்..."

ருபியேலா கையைத் துடைத்தாள். நான் என் காலை மேசைக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டேன், இந்தத் தடவை மிதி வாங்காமல் பேசிவிடுவது என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"டைரக்டர்கிட்டயா?" என்றாள். "உங்க மகனுக்கு ஜாமீன் போட்ட கையால என் அக்காவுக்குப் போட முடியலைன்னு சொல்லு."

மறுபக்கம் போன் துண்டிக்கப்பட்டது. அவள் உட்கார்ந்து அழுதாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.