மச்சானுக்கு ஒரு கைக்கடிகாரம்

பத்தாவது திருகில் விரல் நின்றுவிட்டது. இதற்கு மேல் சாவி கொடுத்தால் உள்ளே ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று அவருக்குப் பயம். கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்டார். நாய் துரத்துவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று இருபது நிமிடம் முந்தியது. இன்று மதியத்துக்குள் இன்னும் பத்து.

நாளை மச்சான் வருகிறார்.

கல்யாணமான புதிதில் ஒரு வேலைக்கான நேர்காணலுக்கு மச்சானின் கைக்கடிகாரத்தை இரவல் கட்டிக்கொண்டு போய், திரும்பும் வழியில் தொலைத்தவர் அவர். வேலையும் கிடைக்கவில்லை. பதினோரு வருடமாக வீட்டு முன்னறையில் ஸ்பீக்கர் பழுதுபார்க்கிறார். மச்சான் ஒருநாளும் திட்டியதில்லை. வேறு கடிகாரம் வாங்கிக்கொள்ளவும் இல்லை. வரும்போதெல்லாம் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மணி என்ன ஆச்சு மாப்பிள்ளை?" என்று கேட்பார். அவ்வளவுதான். அன்று முழுக்க இவருக்குச் சோறு இறங்காது.

அதே வெள்ளை முகம், ஆறுக்கு மேலே அதே குட்டி நொடிவட்டம். பழைய கடிகாரக் கடையில் கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டார். கடையில் ஒழுங்காக ஓடியது, வீட்டுக்கு வந்ததும் புத்தியைக் காட்டிவிட்டது.

"இந்த வேகத்துல போனா எங்க அண்ணன் நாளைக்கு வரவேண்டியவர் இன்னிக்கே வந்துடுவாரு" என்றாள் மனைவி.

கடைக்கு ஓடினார். வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு போனார். கடைக்காரம்மா மூடியைத் திறக்கவே இல்லை. சின்னத் திசைகாட்டி ஒன்றின் பக்கத்தில் கடிகாரத்தைக் கொண்டுபோனார். திசைகாட்டி முள் துள்ளித் திரும்பியது.

"வீட்டுல இதை எங்க சார் வைக்கிறீங்க?"

பத்திரமான இடத்தில்தான் என்றார். பட்டறை மேசையில் பெரிய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று உண்டு. திருகாணி, சாவி எதுவும் காணாமல் போகக் கூடாது என்று அதில்தான் ஒட்டி வைப்பார், கடிகாரத்தையும்கூட. ஒருமுறை தொலைத்தவராயிற்றே. சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். காந்தம் ஏறினால் உள்ளே இருக்கும் முடி மாதிரியான சுருள் ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் அவசரப்படும். ஒரு சிறிய பெட்டியின் மேல் கடிகாரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினார். மெல்ல மேலே தூக்கினார். சரியாகிவிட்டது என்றார். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. பத்துத் திருகுக்கு மேல் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுவா நிக்கிற வரைக்கும் திருகுங்க சார். பாதி வயித்துக்குச் சோறு போட்டா எப்படி?"

மறுநாள் பதினொன்றரைக்கு மச்சான் வந்தார். கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தியிருந்தது. இது தொலைந்துபோனது இல்லை, வேறு என்று இவர் சொன்னார். மச்சான் தலையாட்டிவிட்டுக் கையில் கட்டிக்கொண்டார். இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். மச்சான் நாற்காலியிலேயே கொஞ்சம் தூங்கினார். மணி கேட்கவில்லை. நாலு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போனார்.