கண் வேலையைப் பார்க்கட்டும்

மாடசாமி அண்ணாச்சி இறந்துவிட்டார் என்று அவருடைய மனைவி செல்வி மதினி போனில் சொன்னபோது, "எந்த மாடசாமி?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் என் மேசைக்கு எதிரே வந்து நின்று, "லட்சுமி படத்துல மூக்குத்திக்குச் செவப்பு கூடிப்போச்சு, கொறை தாயி" என்று சொல்லிவிட்டுப் போனவர். மறுநாள் காலையில் அவர் எப்படிச் சாவார்? திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாராம். தூங்குகிறார் என்று நினைத்து டீக்கடைக்காரர் கிளாஸை மட்டும் எடுத்துக்கொண்டு போனாராம். போனை வைத்துவிட்டு நான் பாட்டுக்கு அந்த மூக்குத்தியில் சிவப்பைக் குறைத்துக்கொண்டிருந்தேன். காலண்டர் சீசன், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வேலையில்தான் எனக்கு உறைத்தது. அப்புறம் என்னைப் பிடித்து உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பல பேருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்கள் வீட்டிலும் அவர் வரைந்த முருகனோ பிள்ளையாரோ சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். சாமி படம் வரைந்தே தலை நரைத்த மனிதருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்பதுதான் வேடிக்கை. அதைச் சொல்லிக் கேலி செய்தால், "சாமி எனக்குச் சோறு போடுதாரு, நான் அவருக்கு நகை போடுதேன். எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல. நீங்க ஏன் மூட்டி விடுதீக?" என்பார்.

நான் அவர் வேலை பார்த்த அச்சகத்தில் படங்களின் நிறத்தைச் சரிபார்த்துத் திருத்துகிறவள். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பேன், வருடம் தவறாமல் மாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், கண்ணைக் கடைசியில் திறப்பது. படம் முழுக்க முடித்து, நகைக்குப் பொன் வைத்து, கடைசியில்தான் கருவிழி வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். நம்பிக்கை இல்லாத நீங்கள் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருநாள் மடக்கினேன். "கண்ணத் தொறந்துட்டா அது நம்மளப் பாக்க ஆரம்பிச்சிரும் தாயி. பெறவு தப்பை அழிக்கக் கூச்சமா இருக்கும்" என்றார்.

ஒரு வருடம் முதலாளியிடம் போய், தன் இஷ்டத்துக்குப் பன்னிரண்டு தாளில் ஒரு காலண்டர் போட வேண்டும் என்று கேட்டார். மாதத்துக்கு ஒரு மனிதர். சாமியும் கிடையாது, தலைவர்களும் கிடையாது. "தலைவர் படம் போட்டா மறுநாளே மாலையத் தூக்கிட்டு வந்துருவாக" என்றார். பேய் பிடித்திருக்கிறது என்று ஊரே சொன்ன மகளைப் பேயோட்டும் கோடாங்கியிடம் விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஒரு தகப்பன். நாள் நட்சத்திரம் பார்க்காமல், பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடைத்த நாளில் கல்யாணம் முடித்த ஒரு வாத்தியாரும் டீச்சரும். தீக்காய வார்டில் வேலை செய்யும் ஒரு நர்ஸம்மா. எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். ஆனால் படத்தில் ஒவ்வொருவர் காலடியிலும் தாமரை, சுற்றிலும் பொன் வளைவு, தலைக்குப் பின்னால் சூரியன் மாதிரி ஒளிவட்டம். கண் திறக்கிற அன்று அந்த ஆளையே வரச்சொல்லி எதிரே நிறுத்திக்கொள்வார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "இது சாமிக் குத்தம் அண்ணாச்சி" என்று சத்தம் போட்டேன். "ஏன், வெளிச்சம் சாமிக்கு மட்டும்னு பட்டா போட்டுக் குடுத்துருக்கா?" என்று சிரித்தார்.

நர்ஸம்மா படத்தைத்தான் முதலில் ஒற்றைத் தாளாக அடித்தோம். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வாங்கியது; ஆபீஸ் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். அதைப் பெண்கள் பாக்கெட் போடுகிற கட்டடத்தில் மாட்டிவிட்டார்கள். நாலாவது நாள், அங்கே வேலை பார்த்த பாண்டியம்மா என்பவள் முந்தியில் தீப்பெட்டியை முடிந்து கொண்டுபோய், அந்தப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டாள். பட்டாசு ஆபீஸுக்குள்ளே! பக்கத்துக் கட்டடத்தில் வெடிமருந்து கலந்துகொண்டிருந்தார்கள். போர்மேன் பாய்ந்து வந்து வெறுங்கையால் அதைக் கசக்கி அணைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்த நிமிடமே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

செய்தி கேட்டு அண்ணாச்சி தூரிகையைப் போட்டுவிட்டு எழுந்தார். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். கையெடுத்துக் கும்பிட்டு, "அது சாமி இல்லம்மா, ஒரு நர்ஸு" என்றார்.

பாண்டியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எம் மகளுக்குக் காலு வெந்தப்ப இந்தம்மா மாதிரிதான் ஒருத்தி கட்டுப் போட்டா. நல்லா இருக்கட்டும்னு கும்பிட்டேன். கீழ தாமரை, பின்னால அம்புட்டு வெளிச்சம். எங்கன நின்னாலும் என்னையவே பாக்குது. கும்பிடாம என்ன செய்யச் சொல்லுதீக?"

திரும்பி வரும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "ஒரு ஊதுபத்தியில அம்புட்டுப் பேரும் போயிருப்பாக தாயி. நான் வரைஞ்ச படத்தால" என்றார். பல நாள் தூரிகையைத் தொடவில்லை. காலண்டர் அவ்வளவுதான், ஒளிவட்டத்தை விட்டுவிடுவார் என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். என் புத்தி அப்படி.

ஆனால் ஒருநாள் காலையில் நர்ஸம்மாவின் மூலப்படத்தை மேசையில் விரித்து, கண்ணை மட்டும் அழித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பார்த்தால், நம்மைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண் தாழ்ந்து, தன் கையிலிருந்த கட்டுத்துணியைப் பார்த்தது. வேறு எதையும் மாற்றவில்லை. எனக்குக் கும்பிடக் கை எழவில்லை. அவள் கை என்ன செய்கிறது என்றுதான் பார்க்கத் தோன்றியது. "தப்பு வெளிச்சத்துல இல்ல தாயி, கண்ணுல. சாமி நம்மளப் பாக்கும். மனுசன் கண்ணு வேலையப் பாக்கட்டும்" என்றார். மற்ற படங்களிலும் அப்படியே செய்தார். முதலாளியிடம் சண்டை போட்டுப் பாண்டியம்மாவுக்கு எங்கள் பைண்டிங் பகுதியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

போன வருடம் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் ஒரு அட்டையை நீட்டினார். கண்தான அட்டை. சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கண்ணைக் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். "நூத்துக்கணக்கான சாமிக்குக் கண்ணத் தொறந்துட்டேன். போகும்போது ரெண்டு மனுசனுக்கும் தொறந்துட்டுப் போறேனே" என்றார். போட்டுத் தொலைத்தேன். சாயங்காலமே கோவிலுக்குப் போய் ஆத்தாளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அவர் இறந்த அன்று அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கண் ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நின்றது. உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும்; பாதிக்கு மேல் போய்விட்டது. அண்ணாச்சியின் கூடப்பிறந்த மூத்தவர் வாசலை மறித்து நின்றார். "எந் தம்பியக் கண்ணில்லாம எரிக்க விடமாட்டேன். மறு பிறவியில அவன் தடவிக்கிட்டு அலையணுமா?" என்று கதறினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மதினி கையில் பேனாவை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அட்டையின் பின்பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஊர்க் கதையெல்லாம் பேசுகிற என் வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. அந்த வெட்கம் எனக்குச் சாகும்வரை போகாது.

பேசியது பாண்டியம்மாதான். பைண்டிங் பசை காயாத கையோடு வந்திருந்தாள்.

"பெரியவரே, மனுசன் கண்ணு வேலையப் பாக்கணும்னு அண்ணாச்சி சொன்னாக. எரிச்சுப்புட்டா அது எந்த வேலையப் பாக்கும்?"

மூத்தவர் அவளையே பார்த்தார். பிறகு வாசலை விட்டு விலகி, வேப்பமரத்தடியில் போய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மதினி கையெழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு சின்னப் பெட்டியோடு வெளியே வந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். முகம் அப்படியே இருந்தது, டீ குடித்துவிட்டு அசந்து தூங்குகிற மாதிரி. கூறுகெட்ட மனுசன், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

காரியம் எதுவும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்ததால் எதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டார். அண்ணாச்சியின் காலண்டரில் பதினோரு படம் முடிந்திருந்தது. பன்னிரண்டாவது, டிசம்பர், பாண்டியம்மா. தாமரை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து காலண்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒளிவட்டம், பொன் வளைவு, கைரேகை வரை முடித்திருந்தார். கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளை. "தாள் மெஷினுக்குப் போகணும். நீதான் தொறக்கணும்" என்றார் முதலாளி. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று முழுக்க வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

மறுநாள் குளித்துவிட்டு, பொட்டு வைத்துக்கொண்டு போனேன். அவர் வழக்கப்படி பாண்டியம்மாவை வரச்சொல்லி எதிரே உட்கார வைத்தேன். சும்மா உட்கார அவளுக்கு வரவில்லை; ஒரு கட்டுத் தாளை எடுத்து வந்து அடுக்க ஆரம்பித்தாள். அவருடைய மெல்லிய தூரிகையை எடுத்தேன். இடது கண்ணுக்கு ஒரு புள்ளி, வலது கண்ணுக்கு ஒரு புள்ளி. இரண்டும் கீழே, தாளைப் பார்த்து.

முடித்துவிட்டு நான் அழுதுகொண்டிருந்தேன். பாண்டியம்மா எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். "நம்மள ஏறெடுத்தும் பாக்கல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தாளை அடுக்கினாள்.

அந்தத் தூரிகையை மதினி எனக்கே கொடுத்துவிட்டாள். இப்போதும் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறேன், அதே தூரிகையால் அம்மனுக்கும் கண் திருத்துகிறேன். அண்ணாச்சிக்கு அதில் வருத்தம் இருக்காது. எந்த ஊரிலோ இரண்டு பேர் இந்நேரம் கண்கட்டை அவிழ்த்து எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யார் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்களாம். எதிரே வந்தாலும் எனக்குத் தெரியாது, அந்தக் கண்ணுக்கும் என்னைத் தெரியாது. தெரிய வேண்டாம், அண்ணாச்சி. அது வேலையைப் பார்க்கட்டும்.